வாசனையில்லாத சந்தனம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். செம்பூரில் எங்கள் கட்டடத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், வாட்ச்மேன் உட்பட. அந்தக் கோபத்தைத் தாராவி வரைக்கும் டாக்ஸி வைத்துக் கொண்டுபோய் ஒரு பெண்ணின் கடை வாசலில் கொட்டிவிட்டு வந்தேன். அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் அசட்டுத்தனத்தைச் சொல்லாமல் அவள் பெருமையைச் சொல்ல முடியாது என்பதால் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஃபோர்ட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் இருபத்தெட்டு வருஷம் டைப் அடித்தேன். அவர்கள் ஆபீஸை இழுத்து மூடியபோது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அந்த வயதில் யார் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்? எப்படியோ ஒரு கம்பெனியில் தமிழ் சீரியல்களுக்கு ஆங்கில சப்டைட்டில் போடுகிற வேலை வீட்டிலிருந்தே கிடைத்தது. என் கணவர் முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகி வேலையை விட்டவர். ஆக, எங்கள் வீட்டில் மாதம் பிறந்தால் வருகிற பணம் என்றால் அது மாமியாரும் மருமகளும் போடும் சண்டையை நான் இங்கிலீஷில் எழுதுவதால் வருகிற பணம்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மெயில் வந்தது. இனிமேல் புது சாஃப்ட்வேர். வீடியோவை ஓடவிட்டு, வாய் அசைகிற இடத்தில் எழுத்து வந்து நிற்கவேண்டும். பரீட்சையாக ஆறு எபிசோட் அனுப்பியிருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் முடித்து அனுப்பாதவர்கள் பெயர் லிஸ்டில் இருக்காது.

என் கம்ப்யூட்டருக்கு அப்போதே ஒன்பது வயது. புது சாஃப்ட்வேரைப் போட்டதும் அதற்கு மூச்சு வாங்கியது. கதாநாயகி வாயைத் திறந்து மூடுவாள்; அழுகைச் சத்தம் நான் காபி கலந்து எடுத்து வந்த பிறகு கேட்கும். மாட்டுங்காவில் கண்ணாடிக் கதவு போட்ட கடை ஒன்றில் போய்க் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் மெஷின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் சிரித்தார். "ஆன்ட்டி, இதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசா வாங்குங்க" என்று ஒரு விலை சொன்னார். அந்தப் பணம் இருந்தால் நான் ஏன் ஐயா சீரியல் பார்த்து ஜீவனம் பண்ணுகிறேன்? சொல்லவும் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

எங்கள் கட்டடத்துக்கு கேபிள் போடுகிறவர்தான் தாராவிக் கடையைச் சொன்னார். "அங்க ஒரு அக்கா இருக்காங்க மாமி, பழசை வெச்சே சரி பண்ணுவாங்க." வியாழக்கிழமை காலையில் நைன்டி ஃபீட் ரோட்டில் இறங்கி, இரண்டு பேரிடம் விசாரித்து, ஒரு இட்லிமாவுக் கடைக்கும் பெல்ட் கடைக்கும் நடுவே அந்தக் கடையைக் கண்டுபிடித்தேன். கடை என்றால் ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், மூன்று சுவர் நிறைய திறந்துபோட்ட கம்ப்யூட்டர்கள். மேஜைமேல் இருந்த மெஷின் ஒன்றுதான் உடம்போடு இருந்தது. மற்றதையெல்லாம் அதில் மாட்டித்தான் பரிசோதிப்பாள்.

அவளுக்கு நாற்பது வயது இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. கல்யாணமாகி வந்த புதிதில் காயலான் கடையில் உடைந்த கம்ப்யூட்டர் போர்டுகளைப் பிரித்துப் போடுகிற கூலி வேலை பார்த்தாளாம். தூக்கிப் போட்டதில் பாதிக்குமேல் உயிரோடு இருக்கிறதே என்று இவளுக்கு மட்டும் தோன்றியிருக்கிறது. பார்த்துப் பார்த்து, மாட்டிப் பார்த்து, கருக்கிப் பார்த்து, தானாகக் கற்றுக்கொண்ட தொழில். அட்டைப்பெட்டி மேல் இருக்கிற இங்கிலீஷ் நம்பர்கள் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் சாமான்களுக்கெல்லாம் அவள் வைத்த பெயர்தான். ஃபேன் அவளுக்குக் காத்தாடி. கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரின் அடியில் மயிரிழை மாதிரி இருக்கிற நூற்றுக்கணக்கான கம்பிகள், கால்.

மாட்டுங்காக்காரர் எடுத்த எடுப்பில் விலையைச் சொன்னார். இவள் விலைப் பேச்சையே எடுக்கவில்லை. "அதுல ஒங்களுக்கு என்ன வேல மாமி?" என்றுதான் கேட்டாள். சீரியல் சமாசாரத்தைச் சொன்னேன், திங்கட்கிழமையைச் சொன்னேன். உள்ளே இருக்கிற போர்டை போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதை விரலால் பெரிசாக்கி ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"போர்டு தங்கங் கணக்கா இருக்கு. எதுக்குத் தூக்கிப் போடணும்? பிராசஸர் மட்டுந்தான் கெழடு. நாலு தலமொற தள்ளி வந்தது ஒண்ணு இதுலயே உக்காரும். ஆபீஸ்ல கழிச்சுப் போட்டது, நல்ல சரக்கு. ஒங்க வேலைக்கு அது போதும்."

மாட்டுங்கா விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு வரவேண்டுமா என்று கேட்டதற்கு, "டாக்ஸிக்கு எதுக்குத் தெண்டம் அழுதிய? நீங்களே மாட்டிரலாம்" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். காத்தாடியை இழுக்கக்கூடாது, திருகி எடுக்கவேண்டும். பழைய சந்தனத்தைத் துணியால் சுத்தமாகத் துடைக்கவேண்டும். புதுசை வைத்தால் தானாக உட்காரும், அமுக்கக்கூடாது. "அப்புறம் ஒரு பயறு அளவு சந்தனம் பூசி, காத்தாடிய வச்சு மூடிருங்க. சந்தனம் உள்ளயே வச்சிருக்கேன்."

நான் தலையாட்டினேன். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. ஆயுத பூஜைக்கு ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் டைப்ரைட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கை இது. பரவாயில்லையே, பக்தியான பொண்ணு என்று நினைத்துக்கொண்டே, பணத்தைக் கொடுத்து பிராசஸர் இருந்த உறையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. குளித்துவிட்டு, கேபினெட்டைப் படுக்கவைத்துத் திறந்தேன். திருகி எடு என்று சொன்னாளா? நான் அவசரத்தில் இழுத்தேன். காத்தாடியோடு பழைய பிராசஸரும் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. கால்கள் பாதி ஒடிந்துவிட்டன. போகட்டும், கழிக்கப்போகிற சாமான்தானே. அதன் தலையில் உண்மையாகவே காய்ந்துபோன சந்தனம் மாதிரி ஒன்று அப்பியிருந்தது. பேஷ், ஒன்பது வருஷம் முன்னாடி விற்ற கடைக்காரனும் பக்திமான்தான்!

துடைத்தேன். புதுசை வைத்தேன், அவள் சொன்னபடியே தானாக உட்கார்ந்தது. அப்புறம் சந்தனத்தைத் தேடினேன். உறைக்குள் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு ஊசிக்குழாய் இருந்தது. துளி பிதுக்கிப் பார்த்தேன். வெளுத்த சாம்பல் நிறம். முகர்ந்து பார்த்தேன். வாசனையே இல்லை.

எனக்கு வந்ததே எரிச்சல். கடையில் விற்கிற கலப்படச் சந்தனம் எங்கள் வீட்டு வாசப்படி ஏறியதில்லை. கல்லில் நீர் விட்டு அசல் கட்டையை இழைத்துத்தான் எங்களுக்குப் பழக்கம். பாவம், தாராவியில் அவளுக்கு இதுதான் கிடைத்திருக்கும் என்று குழாயை டிராயரில் போட்டேன். கல்லை எடுத்து வைத்து, கெட்டியாக இழைத்து, பயறு அளவு என்ன பயறு அளவு, தாராளமாகவே பூசி, காத்தாடியை வைத்துத் திருகினேன்.

என்ன வேகம் என்கிறீர்கள்! பட்டனைத் தட்டினால் திறந்தது. கதாநாயகி வாயைத் திறந்தால் அதே நொடியில் அழுதாள். ரூம் முழுக்கச் சந்தன வாசனை. என் கணவர் படுக்கையிலிருந்து எழுந்து வந்து, "என்னடி, கோயிலுக்குள்ள வந்தாப்ல இருக்கு?" என்றார். "நானே மாட்டினேன்" என்றேன். அந்த ஒரு மணி நேரம் நான் தரையில் இல்லை.

ஒரு மணி நேரம்தான். திடீரென்று திரை அணைந்தது. மறுபடி போட்டேன், பத்து நிமிஷம் ஓடி அணைந்தது. அப்புறம் ஐந்து நிமிஷம். ராத்திரிக்குள் பட்டனை அமுக்கினாலும் ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. ஆறு எபிசோடில் ஒன்றுகூட முடியவில்லை. திரும்பிப் போவதற்குப் பழைய பிராசஸரும் இல்லை. அதன் காலைத்தான் நானே ஒடித்துவிட்டேனே.

சனிக்கிழமை காலையில் கேபினெட்டை டாக்ஸியில் ஏற்றினேன். வழி முழுக்கக் கோபத்தை வளர்த்துக்கொண்டே போனேன். கடையில் அப்போது ஒரு ஆள் இருந்தார். கோவண்டியில் கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்துகிறவர், நம் தமிழ் ஆள்தான். அதே மாதிரி பிராசஸர் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் யாரையும் பார்க்கவில்லை. பெல்ட் கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

"செத்த சரக்கை என் தலையில கட்டிட்டியேம்மா! பாவம் பொம்மனாட்டியாச்சேன்னு நம்பி வந்தேன். என் வேலை போயிடுத்துன்னா நீ சாதம் போடுவியா?"

அவள் கேபினெட்டை வாங்கி மேஜைமேல் வைத்தாள். காத்தாடியைத் திருகி எடுத்தாள். ரோடு முழுக்கத் தோல் வாசனையும் மாவு வாசனையும். அதற்கு நடுவே பளிச்சென்று சந்தனம் மணத்தது. வெடித்துக் காய்ந்து, ஓரங்களில் வழிந்து, காலுக்கு அடியிலெல்லாம் இறங்கியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் கேபினெட்டை மெல்லச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள், அந்தக் கோவண்டிக்காரர் கண்ணில் படாதபடி.

"மாமி," என்றாள் சன்னமாக, "நான் குடுத்த குழாயி எங்க?"

"டிராயர்ல இருக்கு" என்றேன் நானும் சன்னமாக. "அது மட்டமான சந்தனம். வாசனையே இல்ல. நான் ஆத்துலயே இழைச்சு..."

சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவள் முகத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள். அது பசை. பிராசஸரின் சூட்டை இழுத்துக் காத்தாடிக்குக் கொடுக்கிற பசை. பார்க்கச் சந்தனம் மாதிரி இருப்பதால் அவள் கடையில் அதற்குச் சந்தனம் என்று பெயர். என் அசல் சந்தனம் ஈரம் இருந்த மட்டும் சூட்டைத் தாங்கியிருக்கிறது. காய்ந்ததும் அடைத்துக்கொண்டது.

"க்யா ஹுவா? மால் கராபா?" என்றார் கோவண்டிக்காரர், சரக்கு கெட்டதா என்கிற அர்த்தத்தில்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "ஆமாண்ணே. எங்கிட்ட உள்ள கோளாறுதான். மாமிக்கு மாத்திக் குடுத்திருதேன்."

அவர் தன் கையில் இருந்த பிராசஸரைப் பார்த்தார். "அப்ப நான் அப்புறம் வரேன்" என்று அதை மேஜையில் வைத்துவிட்டு நடந்தார். அவள் தடுக்கவில்லை. அதை எடுத்து என் முன்னால் நகர்த்தினாள்.

"இது ஒங்க போர்டுல உக்காரும் மாமி. இந்த ரகத்துல கடையில இது ஒண்ணுதான் கெடக்கு. ஒங்களுத நான் கழுவிக் காயப்போட்டு, செவ்வாய்க்கிழமைக்குப் பொறவுதான் உயிர் இருக்கான்னு சொல்ல முடியும். ஒங்களுக்குத் திங்கக்கிழமைல்லா அவசரம்?"

"எதுக்கும்மா உன் கோளாறுன்னு சொன்னே?"

"நாலு பேரு முன்ன ஒங்களுக்குச் சங்கடமா இருக்கும்லா. சந்தனம்னு சொன்னதும் நாந்தான."

உள்ளதைச் சொல்கிறேன். நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டேன். வாய் பேசாமல் இருந்தால் போதும், வேலை பிழைத்துவிடும். திங்கட்கிழமை கண்முன்னால் நிற்கிறது. வீட்டில் மருந்துப் பெட்டி கண்முன்னால் நிற்கிறது. அந்தக் கோவண்டிக்காரர் அவள்மேல் நம்பிக்கை விட்டுப் போனதால்தான் அது என் கையில் இருக்கிறது. கிளாஸ் நடத்துகிறவர், பத்து மெஷின் வாங்குவார், பத்துப் பேரிடம் அந்தக் கடையில் சரக்கு மோசம் என்பார். ஊரைக் கூட்டிக் கத்தத் தெரிந்தவளுக்கு உண்மையைச் சொல்ல மட்டும் தொண்டை அடைக்குமா? சீ, என்ன ஜென்மம் என்று ஆகிவிட்டது எனக்கு. அதை மேஜையில் வைத்துவிட்டு ரோட்டில் இறங்கி ஓடினேன். ஓட்டம் என்று சொல்வது என் முழங்காலுக்கு நான் செய்கிற மரியாதை.

"அரே பாய்ஸாப்! ருக்கியே!" என்று நிற்கச் சொல்லிக் கத்தினேன்.

பாதி ரோடு திரும்பிப் பார்த்தது. கோவண்டிக்காரரும் திரும்பினார். மூச்சு வாங்க, கை காலை ஆட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். கல்லில் இழைத்ததைச் சொன்னேன், வாசனை பார்த்ததைச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் சாயா குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நின்றேன். "அவ சரக்குல ஒரு குத்தமும் இல்ல. தப்பு பூரா என்னோடது. நீங்க போய் வாங்கிக்கோங்கோ" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார், வாங்கிக்கொண்டார், போய்விட்டார். கடையில் இருந்த அந்த ஒன்று அப்படிப் போயிற்று. நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். சரி, அவ்வளவுதான், இனி ஊறுகாய் போட்டு விற்கவேண்டியதுதான் என்று ஓடியது மனசு. அழுகை வந்தது, அவள் முன்னால் அடக்கவும் இல்லை.

அவள் மேஜைமேல் இருந்த தன் மெஷினை நிறுத்தினாள். கடையில் உடம்போடு இருந்த ஒரே மெஷின் அதுதான் என்றேனே, அதன் மூடியைக் கழற்றி, காத்தாடியைத் திருகி, உள்ளே இருந்த பிராசஸரை நகத்தால் கிள்ளி எடுத்தாள்.

"என்னம்மா பண்றே?"

"இது அதைவிட ஒரு படி கூடுதலே மாமி. ஒங்க போர்டு தாங்கும்."

"உன் கடை வேலை?"

"நான் சமாளிச்சுக்கிடுதேன். மொதல்ல ஒங்க சீரியல அனுப்புங்க. திங்கக்கிழம அனுப்பிட்டு எனக்கு ஒரு போன் போடுங்க."

என் போர்டில் இறங்கியிருந்த சந்தனத்தை ஸ்பிரிட் நனைத்த பல் பிரஷ்ஷால் ஒரு மணி நேரம் துளித் துளியாகத் துடைத்து எடுத்தாள். குனிந்து ஊதினாள், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள், மறுபடி துடைத்தாள். ஒரு பெருமூச்சு விடவேண்டுமே, ஒரு சலிப்புக் காட்டவேண்டுமே. வேறு ஒருத்தியின் தப்பைக் கழுவுகிறோம் என்ற நினைப்பே அந்த முகத்தில் இல்லை. நானாக இருந்தால் அந்த ஒரு மணி நேரத்தில் நூறு வார்த்தை பேசியிருப்பேன். பசையையும் அவளே பூசினாள். மெஷினைப் போட்டுப் பத்து நிமிஷம் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "போயிட்டு வாங்க" என்றாள். இருந்ததைக் கையில் திணிக்கப் பார்த்தேன். "மொதல்ல வேலையப் பாருங்க மாமி" என்று தள்ளிவிட்டாள்.

சனி, ஞாயிறு, திங்கள். சாப்பாட்டைக் கணவர் ஸ்பூனோடு பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். மெஷின் ஒரு தடவைகூட முனகவில்லை. ஆறாவது எபிசோட் போய்ச் சேர்ந்தபோது திங்கட்கிழமை நாலே கால் மணி. அந்த வேலை எனக்கு நிலைத்தது. புதன்கிழமை பதில் வந்தது. சந்தனம் பூசின பிராசஸரும் பிழைத்துக்கொண்டது. இதை அதில்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அதெல்லாம் அப்புறம்.

திங்கட்கிழமை நாலே காலுக்கு அவளுக்கு போன் போட்டேன்.

"போயிட்டா மாமி?"

"போயிடுத்தும்மா. ஆறும் போயிடுத்து."

"யப்பா!" என்று ஒரு மூச்சு விட்டாள். என் கணவர்கூட அப்படி ஒரு மூச்சு விடவில்லை. நான் நன்றி சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் கடைக்கு யாரோ வந்து ஏதோ கேட்கிற சத்தம். போனைக் கையால் பொத்திக்கொண்டு அவள் பதில் சொன்னாள். பொத்தினாலும் கேட்டது.

"இல்லண்ணே, இன்னைக்கும் எதையும் மாட்டிப் பாக்க முடியாது. கட மிஷினு ஊருக்குப் போயிருக்கு. வந்ததும் சொல்லுதேன்."

இன்னைக்கும் என்றாள். அப்படியானால் சனி, ஞாயிறும் வந்தவர்களையெல்லாம் இப்படித்தான் சிரித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். சமாளித்துக்கொள்கிறேன் என்றாளே, இதுதான் அந்தச் சமாளிப்பு. "வெச்சுடறேம்மா" என்று மட்டும் சொன்னேன்.

கம்பெனியிலிருந்து பதில் வரும்வரை அவளுடைய பிராசஸரைக் கழற்றாதே, ஏதாவது திருத்தம் கேட்பார்கள் என்றார் என் கணவர். கேட்கட்டும் என்றேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கேபினெட் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை காத்தாடியை இழுக்கவில்லை, மெல்லத் திருகினேன்.